டர்ன்டேபிள் உறுமுகிறதா? புது ஒயர் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

"உறுமல் வருது, நல்ல ஒயரா ஒண்ணு சொல்லுங்க." டர்ன்டேபிள் என்னும் இசைத்தட்டு பிளேயர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஒயரை மாற்றவே வேண்டியிருக்காது. எர்த் ஒயர் தளர்ந்திருக்கும், ஒயர் முனையில் செருகும் பின்னில் பச்சை படிந்திருக்கும், அல்லது பின்பக்கத்தில் ஒரு சுவிட்ச் தப்பான பக்கம் தள்ளியிருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. ஊசியைத் தாங்கி அதன் அதிர்வைச் சிக்னலாக்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதில் காந்தம் அசையும் சாதாரண எம்எம் வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும், சுருள் அசையும் எம்சி என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட வராது, ஆனால் சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. அதனால் போனோ பிரீஆம்ப் (ஆம்ப்புக்குள்ளோ டர்ன்டேபிளுக்குள்ளோ தனிப் பெட்டியாகவோ இருக்கும் முன்பெருக்கி) அந்தச் சிக்னலை எம்எம் என்றால் சுமார் 100 மடங்கு, எம்சி என்றால் சுமார் 1000 மடங்கு பெருக்குகிறது. இசைத்தட்டு வெட்டும்போது குறைத்து வைத்த பேஸ் ஒலியையும் அதுதான் திரும்ப ஏற்றுகிறது. நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் சரியாக அந்த ஏற்றும் பகுதியில் விழுவதால், நடுத்தர ஒலியைவிட உறுமல் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருகிவிடும். ஆகவே மொத்த செட்டிலும் ஊசிக்கும் போனோ பிரீஆம்ப்புக்கும் நடுவில் ஓடும் ஒயர் ஒன்றுக்குத்தான் தேர்வும் கவனமும் வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒயர்கள் சுமாரான தரத்தில், உறுதியான பின்னோடு இருந்தாலே போதும்.

கையில் ஒரு டார்ச், பீப் அடிக்கும் மல்டிமீட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஒரு சாமணம், கூடவே நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு ஜோடி ஆர்சிஏ ஒயர் (சிவப்பு-வெள்ளைப் பின் உள்ள ஆடியோ ஒயர்) இருக்கட்டும். ஒவ்வொரு தடவை பின்னைப் பிடுங்கும் முன்னும் ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். போனோ பின்னை ஆன் நிலையில் பிடுங்கினால் வரும் அந்த 'டம்' ஸ்பீக்கரையே காலி செய்துவிடலாம். ஊசிக்கு மூடி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

அறிகுறி 1: 'ம்ம்ம்' என்று அடித்தொண்டை உறுமல், இரண்டு ஸ்பீக்கரிலும்

பாட்டு ஓடாதபோது வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே கேட்கும். முதலில் இது டர்ன்டேபிளிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். ஆம்ப்பை அணைத்து, டர்ன்டேபிள் பின்கள் இரண்டையும் எர்த் ஒயரையும் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து, ஆம்ப்பைப் போனோவிலேயே (டர்ன்டேபிளுக்கான நுழைவாயில்) வைத்து, பழைய அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்பில், டர்ன்டேபிளைத் தொட வேண்டாம். உறுமல் போய், லேசான 'உஸ்' மட்டும் மிஞ்சினால் மேலே படியுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் உலோகப் பகுதியை ஒரு விரலால் தொடுங்கள்.

தொட்டதும் உறுமல் குறைந்தால்

எர்த் போய்ச் சேரவில்லை. டர்ன்டேபிளின் ஆர்சிஏ ஒயரோடு கூடவே மெல்லியதாக ஒரு தனி ஒயர் வரும், நுனியில் யு வடிவத் தகடு இருக்கும். அது ஆம்ப்பின் பின்பக்கத்தில் 'ஜிஎன்டி' என்று எழுதிய திருகில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர், உறுமலுக்காக இரண்டு ஜோடி ஒயர் வாங்கிவிட்டிருந்தார், இரண்டாவது முதலாவதைவிட மூன்று மடங்கு விலை. "தம்பி, இதுக்கும் மேல போகணுமா?" என்று கவலையோடு கேட்டார். "ஒரு நிமிஷம் சார், டார்ச் காட்டுங்க" என்று சொல்லி ஆம்ப்பைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். எர்த் ஒயரின் தகடு எப்போதோ உடைந்து போயிருக்கிறது, யாரோ ஒயரை நேராகத் திருகுக்குக் கீழே வைத்து முறுக்கியிருக்கிறார்கள், ஆனால் திருகு கடித்துக்கொண்டிருந்தது செம்பை இல்லை, மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கை. செம்பு இழைகள் நான்கைந்து வெளியே காற்றில் நின்றன. ஒரு சென்டிமீட்டர் சீவி, இழைகளை முறுக்கி, திருகைச் சுற்றி வலஞ்சுழியாக ஒரு வளையம் போட்டு இறுக்கினேன். வலஞ்சுழியாகப் போட்டால்தான் திருகு இறுகும்போது ஒயரை உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபக்கமாகப் போட்டால் வெளியே தள்ளிவிடும். உறுமல் நின்றுவிட்டது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருகு சரியாக இருந்தால், எர்த் ஒயரின் நுனியிலிருந்து டோன்ஆர்மின் உலோகத்துக்கு மல்டிமீட்டரில் பீப் வருகிறதா பாருங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். பீப் இல்லையென்றால் ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது டர்ன்டேபிளுக்குள் விட்டுப்போயிருக்கிறது. தற்காலிகமாக ஒரு சாதாரண ஒயரை டர்ன்டேபிளின் எர்த் திருகிலிருந்து ஆம்ப்புக்கு ஓட்டிப் பார்க்கலாம். உறுமல் போனால் காரணம் உறுதி. அதே ஒயரை நிரந்தரமாகவும் விட்டுவிடலாம், ஒலியில் ஒரு வித்தியாசமும் வராது.

எல்லா டர்ன்டேபிளிலும் இந்தத் தனி ஒயர் இருக்காது. ரேகா நிறுவன டர்ன்டேபிள்களில் டோன்ஆர்மின் எர்த் இடது சேனல் ஒயரின் ஷீல்டு (உள் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியாகவே போகிறது, அதனால் அங்கே இடது பின் தளர்ந்தாலே உறுமும். ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போன்றவற்றில் எர்த் திருகே கிடையாது, தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தொட்டாலும் மாற்றம் இல்லையென்றால்

ஒயர் ஓடும் பாதையைப் பாருங்கள். ஆர்சிஏ ஒயர் எக்ஸ்டென்ஷன் பெட்டிமேல் கிடக்கிறதா, அடாப்டர் ஏதாவது அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா, மிச்ச நீளத்தைச் சுருட்டி கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா? பார்க்க அழகாக இருக்கும் என்று பலர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள், உறுமலுக்கு அதுவே போதும். ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கரண்ட் ஒயரைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்கே, பெருக்கல் குறிபோலத் தாண்டட்டும். டர்ன்டேபிளை ஆம்ப்பின் மேலேயே வைத்திருந்தால், ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் நேரடியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் உறுமலைப் போடும். பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து, ஆம்ப்போடு இணைந்திருக்கும் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: செட்டாப் பாக்ஸ், டிவி, கணினி. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்தோ கேபிள்காரரிடமிருந்தோ வரும் ஒயர் தன்னோடு வேறொரு எர்த்தைக் கொண்டுவரும், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆம்ப் மாட்டிக்கொள்ளும். டிஷ் ஒயரைக் கழற்றியதும் உறுமல் போனால் காரணம் அதுதான். டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் ஒயர் போட்டால் தீர்ந்துவிடும், ஏனென்றால் அதில் செம்பே இல்லை.

இவை எதிலும் சரியாகவில்லை, ஆனால் வேறு ஒரு ஜோடி ஒயர் போட்டதும் உறுமல் குறைகிறது என்றால், அப்போதுதான் ஒயர் குற்றவாளி. அனேகமாக அது டிவிடி பிளேயரோடு வந்த சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயராக இருக்கும். வெட்டிப் பார்த்தால் ஷீல்டு என்ற பெயரில் ஒரு பக்கமாக நாலு இழை சுற்றியிருக்கும். டிவிக்கு அது போதும், போனோவுக்குப் போதாது.

ஊசி நடுப்பக்கம் போகப் போக உறுமல் கூடினால்

இது ஒயர் பிரச்சினையே இல்லை. மோட்டாரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜில் ஏறுகிறது. ஷீல்டு இல்லாத கிராடோ கார்ட்ரிட்ஜைச் சில டர்ன்டேபிள்களில் போட்டால் இது வரும், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கார்ட்ரிட்ஜை மாற்றுவதுதான் வழி.

ஊசி தட்டின் மேல் இருக்கும்போது மட்டும், வால்யூம் ஏற்ற ஏற்ற 'ஊஊ' என்று வளர்ந்தால்

தட்டைச் சுழலவிடாமல் நிறுத்தி, ஊசியை அதன்மேல் இறக்கி, வால்யூமை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வளர்ந்தால், ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பி வருகிறது. ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள், ஒயருக்குக் காசு போடாதீர்கள்.

ஆளை எப்போது கூப்பிடுவது: டர்ன்டேபிளைக் கழற்றிய பிறகும் ஆம்ப் உறுமினால் ஆம்ப் மெக்கானிக். டோன்ஆர்முக்கும் எர்த் ஒயருக்கும் பீப் இல்லை, அடிப்பலகையைத் திறக்கவும் தயக்கமாக இருக்கிறது என்றால் டர்ன்டேபிள் தெரிந்தவர்.

அறிகுறி 2: உறுமல் இல்லை, 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையான இரைச்சல்

முதலில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் இருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரண்டு, மூன்றில் இருக்கும்போது இரைச்சல், ஐந்தில் வைத்தால் அமைதி என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அப்புறம் எல்இடி பல்புகளையும் போன் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணையுங்கள், வீட்டில் யாராவது இண்டக்‌ஷன் அடுப்பு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறதென்றால், அது சதுர அலை தரும் பழைய வகை இன்வெர்ட்டராக இருக்கும், கரண்ட் வந்ததும் போய்விடும்.

போனோ பிரீஆம்ப் தனிப் பெட்டியாக இருந்து அதற்கு ஒரு சின்ன அடாப்டர் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். வாங்கும்போது வந்தது தொலைந்து, வோல்ட் பொருந்துகிறதே என்று வேறு சார்ஜரை மாட்டியிருக்கும் வீடுகள் நிறைய. வோல்ட்டும் முனையின் பிளஸ்-மைனஸும் பொருந்தும் நல்ல அடாப்டர் போட்டாலே பாதி இரைச்சல் போய்விடும். சில பிரீஆம்ப்புகள் ஏசி அடாப்டர் கேட்கும், சில டிசி கேட்கும், பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

இங்கே ஒயரின் பங்கு கொஞ்சம்தான். பின்னல் ஷீல்டு நெருக்கமாக உள்ள ஒயர் கொஞ்சம் தடுக்கும், ஆனால் மூலத்தை நிறுத்தாமல் ஒயரை மட்டும் மாற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அறிகுறி 3: பாட்டுக்குப் பின்னால் ரேடியோ கேட்கிறது, அல்லது 'டிக்-டிடிக்-டிடிக்'

இரண்டாவது உங்கள் போன். ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

ரேடியோ என்றால், மத்திய அலை ஒலிபரப்பிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வரும். யாரோ மெல்லிய குரலில் செய்தி வாசிப்பார்கள். பெரும்பாலும் காரணம் துருவேறிய ஒரு இணைப்பு, ரேடியோ அலையைப் பிரித்துக் குரலாக்குவது அந்தத் துருதான். எல்லா ஆர்சிஏ பின்களையும், டோன்ஆர்ம் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் நான்கு முள்களையும் ஆல்கஹாலால் துடையுங்கள். அடுத்து ஒயரின் நீளத்தைக் குறையுங்கள், மூன்று மீட்டர் ஒயர் நல்ல ஏரியல். பிறகு ஆம்ப் பக்கத்தில் ஒயர்மேல் கவ்வும் ஃபெரைட் துண்டு ஒன்றைப் போடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. இத்தனைக்கும் பிறகும் வந்தால் பிரீஆம்ப்பின் நுழைவாயிலில் சிறு கெப்பாசிட்டர் சேர்க்க வேண்டியிருக்கும், அது சால்டரிங் தெரிந்தவர் வேலை.

அறிகுறி 4: ஒரு பக்கம் ஊமை, அல்லது வந்து வந்து போகிறது

இதற்கு ஒரே ஒரு சோதனை, பத்து வருடமாக இதையேதான் செய்கிறேன்: ஆம்ப் பக்கத்தில் இடது பின்னையும் வலது பின்னையும் மாற்றிச் செருகுங்கள்.

ஊமைப் பக்கம் மாறவில்லை என்றால் கோளாறு ஆம்ப்பிலோ ஸ்பீக்கர் ஒயரிலோ இருக்கிறது. டர்ன்டேபிளை விட்டுவிடுங்கள். ஊமை மறுபக்கம் போய்விட்டால் கோளாறு ஒயரில், அல்லது அதற்கும் முன்னால்.

கோளாறு ஒயரிலோ அதற்கு முன்னாலோ என்றால், முதலில் ஆர்சிஏ பின்னைப் பாருங்கள்

பெசன்ட் நகரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டில் ஒயரைக் கழற்றினால் பின்னின் வெளி வளையம் முழுக்கப் பச்சை. உப்புக்காற்று. அங்கே தங்க முலாம் பூசிய பின் என்பது ஆடம்பரம் இல்லை, அது துருவேறாது என்பதற்காகத்தான். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு, சாக்கெட்டின் வெளிப்பக்கத்தையும் பின்னின் உள்பக்கத்தையும் துடையுங்கள். வளையம் தளர்ந்திருந்தால் சாமணத்தால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பலர் வீட்டில் இருக்கும் துருநீக்கி எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிடுகிறார்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதில் தூசி ஒட்டும். மின்இணைப்புக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் வேறு, அதை வாங்குங்கள்.

ஒயரை அசைத்தால் கரகரவென்று வந்தால்

பின்னுக்குப் பின்னால், ஒயர் வளையும் இடத்தில், உள்ளே அறுந்திருக்கிறது. கழற்றக்கூடிய ஒயர் என்றால் தெரிந்த நல்ல ஜோடியைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் வேலை முடிந்தது. அறுந்த ஒயரிலும் பின்னை வெட்டிவிட்டுப் புதுப் பின் போட்டால் பழையபடி ஆகிவிடும், நியூட்ரிக்கின் ரியான் வகைப் பின் மலிவு, உறுதியும் கூட.

1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற டர்ன்டேபிள்களில் ஒயர் உள்ளேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். அதை முழுசாக மாற்ற அடிப்பக்கத்தைத் திறக்க வேண்டும். ஆனால் உடைவது பெரும்பாலும் ஆர்சிஏ பின் இருக்கும் முனையில்தான், அதனால் பின்னை மட்டும் மாற்றுங்கள், திறக்காதீர்கள்.

பின்னும் ஒயரும் சரி, ஆனால் ஊமை தீரவில்லை என்றால்

ஹெட்ஷெல்லைக் கழற்றி அதன் பின்னால் இருக்கும் நான்கு முள்களையும் டோன்ஆர்ம் பக்கத்து நான்கையும் துடையுங்கள். என் அனுபவத்தில் வந்து வந்து போகும் கோளாறில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். அடுத்து, வெளிச்சத்தில் கார்ட்ரிட்ஜின் பின்புறத்தைப் பாருங்கள். தலைமுடி கனத்தில் நான்கு ஒயர், நுனியில் குட்டிக் குட்டிக் கவ்விகள். வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். ஒன்று கழன்றிருந்தால் சாமணத்தால் உலோகக் கவ்வியைப் பிடித்து நேராகத் தள்ளுங்கள். ஒயரைப் பிடித்துத் தள்ளினால் சால்டர் விட்டுவிடும். கவ்வி பெரிதாகத் தளர்ந்திருந்தால், அதைக் கழற்றி, ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியை உள்ளே விட்டு, வெளியிலிருந்து லேசாக அழுத்துங்கள். குச்சி உள்ளே இருப்பதால் கவ்வி நசுங்கிப்போகாது.

மல்டிமீட்டர் வைப்பதாக இருந்தால் கார்ட்ரிட்ஜைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே எம்சி கார்ட்ரிட்ஜின் மெல்லிய சுருளைக் கெடுத்துவிடலாம். கழற்றிய பிறகு, வெள்ளை ஒயரின் கவ்வியிலிருந்து இடது ஆர்சிஏ பின்னின் நடுமுனைக்கு பீப் வர வேண்டும், நீலத்திலிருந்து அதே பின்னின் வெளி வளையத்துக்கு பீப் வர வேண்டும். நடுமுனைக்கும் வளையத்துக்கும் இடையே பீப் வரவே கூடாது, வந்தால் ஒயர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது பக்கத்துக்கும் இப்படியே.

ஆளை எப்போது கூப்பிடுவது: டோன்ஆர்ம் குழலுக்குள் ஓடும் ஒயர் அறுந்திருந்தால். அது பேரிங் வழியாகப் போகிறது, அந்த பேரிங்கை ஒரு தடவை கெடுத்தால் டர்ன்டேபிளே போயிற்று. இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் முயலாதீர்கள்.

அறிகுறி 5: சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அல்லது ஒரேயடியாகப் பிளிறுகிறது

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம், சுவிட்ச். டர்ன்டேபிளின் பின்பக்கம் 'போனோ/லைன்' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். ஏடி-எல்பி120எக்ஸ்யுஎஸ்பி, எல்பி60எக்ஸ் இரண்டிலும் உண்டு. லைனில் வைத்தால் டர்ன்டேபிளுக்குள் இருக்கும் பிரீஆம்ப் வேலை செய்யும்.

வால்யூமை முழுக்க ஏற்றினாலும் மெல்லியதாக, பேஸ் இல்லாமல், தகரம்போலக் கேட்டால், சுவிட்ச் போனோவில் இருக்கிறது, ஒயர் ஆம்ப்பின் ஆக்ஸில் (சிடி, போன் போன்றவற்றுக்கான சாதாரண நுழைவாயில்) போயிருக்கிறது. ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கரில் நேராகச் செருகியவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. சுவிட்சை லைனுக்கு மாற்றுங்கள். சுவிட்சே இல்லாத டர்ன்டேபிள் என்றால் போனோ பிரீஆம்ப் வாங்கியாக வேண்டும், எந்த ஒயரும் உதவாது.

கரகரத்து, பேஸ் வீங்கிப் பிளிறினால், இரண்டு பிரீஆம்ப் ஒன்றன்மேல் ஒன்று: சுவிட்ச் லைனில், ஒயர் ஆம்ப்பின் போனோவில். ஏதாவது ஒன்றை மாற்றுங்கள்.

பழைய எச்எம்வி பெட்டி பிளேயரைச் சரிசெய்து ஆம்ப்பில் இணைக்கிறவர்கள் கவனியுங்கள். அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், சில நூறு மில்லிவோல்ட் தரும், போனோவில் செருகினால் பிளிறும். ஆக்ஸில் செருகினால் சத்தம் போதும், ஆனால் பேஸ் மெலிந்துவிடும், ஏனென்றால் செராமிக்குக்குப் பத்து லட்சம் ஓம் அளவு உள்ள நுழைவாயில் வேண்டும், ஆக்ஸில் அதெல்லாம் இருக்காது. அதற்கென்று சின்ன பஃபர் சர்க்யூட் ஒன்றைப் போட்டுத்தரச் சொல்லி ரேடியோ மெக்கானிக்கிடம் கேளுங்கள், பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அறிகுறி 6: 'ச', 'ஸ' எல்லாம் சீறுகிறது, அல்லது உச்ச ஒலி மங்கிவிட்டது

இங்கேதான் ஒயரின் தேர்வு உண்மையிலேயே காதுக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு முன் மலிவானவற்றை முடியுங்கள். ஊசியில் தூசி உருண்டை இருக்கிறதா? ஊசி தட்டை அழுத்தும் எடை சரியாக இருக்கிறதா? ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். கார்ட்ரிட்ஜ் நேராக உட்கார்ந்திருக்கிறதா? தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் சீறினால் அது சீரமைப்புக் கோளாறு அல்லது தேய்ந்த ஊசி, ஒயர் இல்லை. முதல் பாட்டிலிருந்தே, எல்லாத் தட்டிலும், ஒரே மாதிரி கூராக இருந்தால்தான் அடுத்த வரிக்கு வாருங்கள்.

எம்எம் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் அது தாங்கும் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்) அளவு ஒன்று உண்டு. ஏடி-விஎம்95 வரிசைக்கு 100 முதல் 200 பிகோஃபாரட், ஆர்டோஃபோன் 2எம் வரிசைக்கு 150 முதல் 300. டோன்ஆர்ம் ஒயர், ஆர்சிஏ ஒயர், பிரீஆம்ப்பின் நுழைவாயில் மூன்றும் கூட்டி அதற்குள் வர வேண்டும். மீறினால் உச்ச ஒலியில் ஒரு மேடு எழும்பும், அதற்கு மேலே சரிந்துவிடும். கூர்மையும் மங்கலும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்றின் போனோ நுழைவாயில் 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். டோன்ஆர்ம் ஒயர் 30. மீட்டருக்கு 150 பிகோஃபாரட் உள்ள ஒயர் ஒன்றரை மீட்டர் போட்டால் 225. மொத்தம் 475. விஎம்95-க்கு இது இரண்டு மடங்குக்கு மேல், சீறத்தான் செய்யும். அதே இடத்தில் 75 ஓம் கோஆக்சியல், நுரை இன்சுலேஷன் உள்ளது, ஒரு மீட்டர் போட்டால் சுமார் 53 மட்டுமே, மொத்தம் 303. அப்போதும் விஎம்95-க்கு அதிகம், ஆனால் 2எம்-க்குக் கிட்டத்தட்ட எல்லைக்கு வந்துவிட்டது. விஎம்95 வைத்திருப்பவர், நுழைவாயில் 100-க்குள் இருக்கும் பிரீஆம்ப் ஒன்றைப் பார்ப்பது நல்லது. இப்போதைய பிரீஆம்ப் சிலவற்றில் அடிப்பக்கச் சின்ன சுவிட்சுகளாலேயே இதை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் ஒயரின் அளவு தெரியாதா? மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் வரிசை இருந்தால், ஒயரின் இரண்டு முனையையும் எதிலும் மாட்டாமல், ஒரு முனையின் நடுமுள்ளுக்கும் வளையத்துக்கும் வைத்துப் பாருங்கள். 0.15 நானோஃபாரட் என்று காட்டினால் 150 பிகோஃபாரட். மீட்டரின் சொந்த ஒயர் காட்டும் அளவை முதலில் பார்த்துக் கழித்துவிடுங்கள். கழற்ற முடியாத ஒயர் என்றால் ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு ஆர்சிஏ பின்னில் அளக்கலாம், டோன்ஆர்மும் சேர்ந்த மொத்தமே வந்துவிடும், இன்னும் நல்லது.

எம்சி கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம், அவர்களுக்கு ஷீல்டுதான் முக்கியம்.

அறிகுறி 7: பேஸ் காணவில்லை, பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறுகிறது

ஒரு பக்கம் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது. முதலில் ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள், அதுதான் சுலபம். சிடியோ போனிலிருந்து பாட்டோ போட்டால் சரியாக இருந்து, இசைத்தட்டில் மட்டும் இப்படி என்றால் ஹெட்ஷெல்லில் வெள்ளை-நீலமோ சிவப்பு-பச்சையோ இடம் மாறியிருக்கிறது. புதிதாகக் கார்ட்ரிட்ஜ் மாற்றிய வீட்டில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஆம்ப்பில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், குரல் ஏறக்குறைய மறைந்துபோனால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி 8: டோன்ஆர்மைத் தொட்டால் சுர்ரென்கிறது

மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். இரண்டு முள் பிளக் உள்ள சாதனங்களில் லேசான கசிவு இருப்பதுண்டு, டெஸ்டர் மங்கலாக எரியும், ஆனாலும் கைக்குத் தெரியும் அளவுக்கு இருந்தால் அது சாதாரணம் இல்லை. ஒன்று ஆம்ப்பில் கசிவு, அல்லது வீட்டின் எர்த் செத்துவிட்டது. மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டினால் உறுமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமல் போகலாம், அடுத்த தடவை கசிவு வரும்போது அது போக வேறு வழி இல்லாமல் உங்கள் கை வழியாகத்தான் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை செட்டை பிளக்கிலிருந்து எடுத்து வையுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒயர் மாற்றத்தான் வேண்டும் என்றால்

டர்ன்டேபிளுக்கும் போனோ பிரீஆம்ப்புக்கும்: ஒரு மீட்டர், முடிந்தால் முக்கால் மீட்டர். நெருக்கமான பின்னல் ஷீல்டு, மீட்டருக்கு 100 பிகோஃபாரட்டுக்குக் கீழே, கூடவே தனி எர்த் ஒயர். அளவைச் சொல்லாத ஒயர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வாங்க வேண்டாம், தடிமனில் பாதி வெறும் ரப்பராக இருக்கும். எஸ்எம்இ வகை டோன்ஆர்ம் என்றால் அடியில் ஐந்து முள் டின் (DIN) வகை வட்ட சாக்கெட் இருக்கும், நேரான முனையா வளைந்த முனையா என்று பார்த்து வாங்குங்கள். அடிப்பலகைக்குக் கீழே இடம் இல்லாத டர்ன்டேபிளில் நேரான முனை உட்காராது.

டிஜிட்டல் கோஆக்சியல் என்று விற்கும் 75 ஓம் ஒயர் இரண்டை ஜோடியாக வாங்கினாலும் நன்றாக வேலை செய்யும். அதில் எர்த் ஒயர் வராது, நீங்களே ஒன்று ஓட்டிக்கொள்ளுங்கள். சால்டரிங் தெரிந்தால் அந்த ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கி நான்கு பின் போட்டுவிடலாம், ஒரு மாலை நேர வேலை.

ஆம்ப் அறையின் மறுமூலையில் இருந்தால் போனோ ஒயரை நீட்டாதீர்கள். பிரீஆம்ப் பெட்டியை டர்ன்டேபிள் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து ஆம்ப்புக்கு நீளமான சாதாரண ஆர்சிஏ ஒயரை ஓட்டுங்கள். மாம்பலத்துப் பெரியவர் வீட்டில் கடைசியில் அப்படித்தான் செய்தோம். முக்கால் மீட்டர் துண்டு டர்ன்டேபிள் பக்கம் போனது, அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இரண்டு ஜோடியில் மலிவானது நான்கு மீட்டர் நீளம், அது சுவரோரமாக ஆம்ப்வரை போனது.

விலை உயர்ந்த ஜோடியைப் பெட்டியில் போட்டுக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.